எங்கேயும் வலிக்காத கால்

வெங்காய மண்டியில் உட்கார்ந்துகொண்டு ஏலம் விட முடியாது. அதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. சட்டத்தைவிடக் கெட்டியான பழக்கம். எப்போதோ ஒருவர் முதுகுவலி என்று மேடையில் முக்காலி போட்டுக்கொண்டார். கடைசி வரிசையில் விரல் காட்டியவன் அவர் கண்ணில் படவில்லை. அன்று மூட்டை பிரிந்ததோ இல்லையோ, மண்டைகள் பிளந்தன. அன்றிலிருந்து நிற்கிறவன் வாய்க்குத்தான் மண்டியில் மதிப்பு. உட்கார்ந்தவன் எதைச் சொன்னாலும் அது வெறும் ஊர்ப்பேச்சு.

ஏலக்காரருக்கு வாயில் எந்தக் குறையும் இல்லை. கால்தான் ஒன்று குறைந்துபோயிற்று. சரக்கு லாரி பின்பக்கமாக வந்தபோது அவர் ஒரு கமிஷன்காரனை வைதுகொண்டிருந்தார். எடுத்த வசவை முடிக்காமல் நகர்ந்து பழக்கமில்லாத மனுஷன். ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வசவு மட்டும் முழுசாகப் பிழைத்தது.

புதுச் சரக்கு இறங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மேடையில் நின்று முதல் ஏலம் விடுகிறவருக்குத்தான் அந்தப் பருவம் முழுக்க மேடை. 'பித்தளை' என்று மண்டியில் பெயர் வாங்கிய இன்னொருவன் அதற்காகத் தொண்டையைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, நலம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டான்.

"உங்க வாய் அப்படியே இருக்குண்ணே, அது போதும். நிக்கிற வேலையை நான் பார்த்துக்கறேன். நீங்க படுத்துக்கிட்டே எனக்கு யோசனை சொல்லுங்க."

"சொல்றேன். முதல் யோசனை, வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

வந்தவன் போனான். ஆனால் போகும்போது கட்டிலோரம் வெறுமையாக மடிந்து கிடந்த கால்சட்டைக் காலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனான். சரக்கைப் பார்த்து, இது தேறாது என்று கழிக்கிற பார்வை அது. ஏலக்காரர் அந்தப் பார்வையை ஆயிரம் மூட்டைகளின் மேல் வீசியவர். அது தன் மேலேயே விழும் என்று நினைத்ததில்லை.

செயற்கைக் கால் செய்யும் கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. மாவுக்கட்டுப் போட்டு அளவெடுக்கத்தான் அத்தனை காத்திருப்பு. காலின் உருவத்தை யாராவது செய்து கொண்டுவந்து கொடுத்தால், அதன் மேல் கூடு வார்த்து, குழாயும் பாதமும் பூட்டி உடனே தந்துவிடுவார்கள். அப்படி உருவம் செய்யத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர். அவர் ஏலக்காரருக்கு ஜென்மப் பகை. உறவு முறையில் தங்கை புருஷன்.

படக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த மனிதருக்கு, ஆளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பதுதான் தொழில். ஒரு படத்தில் தெரிகிற மச்சத்தை அடுத்த படத்திலும் அதற்கடுத்த படத்திலும் கம்ப்யூட்டர் தேடிப் பிடிக்கும். அப்படிப் பிடித்த புள்ளிகளைக் கோத்துக் கோத்து ஆளை உருவமாக எழுப்பிவிடும். பிறகு இயந்திரம் அதை நுரைக்கட்டையில் செதுக்கித் தரும். துணிக்கடைப் பொம்மைகள், தையல்காரர்களுக்கு வேண்டிய உடம்புகள், வெளியூர் நோயாளிகள் போனில் எடுத்து அனுப்பும் படங்களிலிருந்து கை கால்கள் என்று அவர் கடையில் எப்போதும் பாதி மனிதர்கள் காய்ந்துகொண்டிருப்பார்கள். இதில் ஒரே ஒரு நிபந்தனை: படம் எடுத்து முடிகிறவரை ஆள் அசையக் கூடாது.

பகை அந்த நிபந்தனையில்தான் பிறந்தது. ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், வந்தவர்களுக்கெல்லாம் விரல் உயரத்தில் அவரவர் உருவத்தைச் செய்து கொடுத்தார் படக்காரர். எல்லோரும் சிலையாக நின்றார்கள். ஏலக்காரர் நின்றார், வாய் நிற்கவில்லை. படத்துக்குப் படம் உதடு வேறு வேறு இடத்தில் இருந்ததால், கம்ப்யூட்டர் குழம்பிப்போய் வாய் இருந்த இடத்தில் பிடரிவரைக்கும் ஒரு பொந்தைப் போட்டுவிட்டது. படக்காரர் அதைச் சரிசெய்திருக்கலாம். செய்யாமல் பந்தியில் வைத்து நீட்டினார்.

"உள்ளது உள்ளபடி வந்திருக்கு மச்சான்."

பந்தியே சிரித்தது. மண்டிப் பையன்கள்வரை 'பொந்து' என்ற பெயர் பரவியது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

இப்போது தங்கை தன் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணனுக்குக் கால் செஞ்சு குடுங்க."

"வாய்க்கு ஒரு மூடி வேணும்னா செஞ்சு தரேன்."

"விளையாடாதீங்க. மேடை போயிடுச்சுன்னா அவர் வீட்ல சும்மா உட்கார்ற ஆளா? பொழுது போகலன்னா எங்க வருவார்? எனக்கு வேற அண்ணனும் இல்ல, அவருக்கு வேற தங்கச்சியும் இல்ல. காலையில காபிக்கு வந்தார்னா சாயங்காலம்வரைக்கும் உங்க கடை நாற்காலிதான்."

படக்காரர் தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "சரி" என்றார்.

ஏலக்காரர் பக்கத்திலும் நிபந்தனைகள் இருந்தன. அவன் தன்னைத் தொடக் கூடாது. அவன் முகத்தையே தான் பார்க்கக் கூடாது. படத்தைத் தங்கையே எடுத்துக்கொண்டு போகட்டும். அப்படியே எடுத்தாள். எடுக்க எடுக்க அண்ணன் பித்தளையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சுக்குத் தாளம் போட்டுக்கொண்டு தொடையும் ஆடியது. படக்காரரின் திரையில் அந்தப் படங்களிலிருந்து எழுந்த கால், இரண்டு முழங்காலோடு முறுக்கின துணி மாதிரி நின்றது.

"உங்கண்ணன் நொண்டிக்காலையும் பொய் பேச வச்சிட்டார். நானே வரேன்."

போனார். ஏலக்காரர் வீட்டு முன்னறையில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பினார். அச்செழுத்துகள் இருந்தால்தான் எந்தப் படம் எங்கே நின்று எடுத்தது என்று கம்ப்யூட்டருக்குப் புரியும். நடுவில் உயரமான ஸ்டூலைப் போட்டு ஏலக்காரரை ஏற்றினார்கள். வெறும் தோலில் பிடிமானம் கிடைக்காது என்பதால் குட்டைக்கால் முழுக்க மையால் புள்ளி வைக்கச் சொன்னார். புள்ளி வைத்தது தங்கை. பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்தாள்.

இனிமேல் அசையக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, கேமராவோடு சுற்ற ஆரம்பித்தார் படக்காரர். ஒரு படம், ஓர் அடி நகர்வு, ஒரு படம். பகையாளி வாயைத் திறக்க முடியாமல் நடுவில் உட்கார்ந்திருக்க, சுற்றி வருகிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? கடவுளே கூப்பிட்டுக் கொடுத்ததைப்போல் இருந்தது அவருக்கு.

"ஏம்மா, உங்கண்ணன் இவ்வளவு அழகா மௌனமா இருந்து நான் பார்த்ததே இல்ல. கல்யாணத்துலயே இப்படி இருந்திருந்தா எவ்வளவு நல்லா வந்திருக்கும்."

ஏலக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பித்தளையை வழியில பார்த்தேன். புதுச் செருப்பு வாங்கியிருக்கான். மேடையில நிக்கறதுக்காம். ரெண்டு காலுக்கும் வாங்கியிருக்கான், பாவம், பழக்கதோஷம்."

ஏலக்காரர் கண்ணாலேயே ஏலம் விட்டு அவரை விற்றுவிட்டார். ஆனாலும் கால் ஆடவில்லை. மேடை வேண்டுமே. சுற்று முடிந்து கேமராவை மூடியதுதான் தாமதம், அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. அதை இங்கே எழுதினால் தாள் கருகும். படக்காரர் செய்தித்தாள்களை நிதானமாக மடித்து அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஒரே ஒரு தொழில் கேள்வி. காலை அழுத்தினா எங்கெங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல."

"எலும்பு வெட்டின இடம்?"

"சொன்னேன்ல, எங்கயும் இல்ல."

ஏலக்காரர் இதில் தெரிந்தே பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. வியாபாரத்தில் ஊறியவன் எந்த இடத்தில் தனக்கு இடிக்கிறது என்பதை எதிராளிக்குக் காட்டமாட்டான். காட்டினால் விலை இறங்கிவிடும். மூட்டை ஒழுகினால் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்துப் பேசுவான். அப்பாவிடமிருந்து வந்த வித்தை; எலும்போடு ஊறிவிட்டது. அந்த எலும்பே வெட்டுப்பட்ட பிறகும் போகவில்லை.

உருவம் பிசகில்லாமல் வந்தது. தையல் போட்ட தழும்புகூட நுரைக்கட்டையில் வரியாக எழும்பியிருந்தது. செயற்கைக் கால் கூடத்தில் அதன்மேல் கூடு வார்த்தார்கள், குழாய் பூட்டினார்கள், பாதம் மாட்டினார்கள். ஏலக்காரர் ரப்பர் உறையைப் போட்டுக் காலை உள்ளே விட்டார். கை உறைக்குள் கை போகிற மாதிரி போயிற்று. எழுந்து நின்றார். அப்படியே உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை மணி மணியாகக் கோத்தது.

"உன் புருஷன் வேணும்னே செஞ்சிருக்கான்" என்றார் தங்கையிடம்.

"வலிக்குதா அண்ணே?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. நிக்க முடியல, அவ்வளவுதான்."

செய்தி போனதும் படக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை அயோக்கியன் என்று சொல்லலாம், பலரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் செய்த உருவம் தப்பு என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. திரையில் மறுபடி அளந்தார். மயிரிழைப் பிசகில்லை. தப்பே அதுதான். படத்துக்குத் தோல்தான் தெரியும், தோலுக்குக் கீழே இருப்பது தெரியாது. சதை பாரத்தைத் தாங்கும், எலும்பு முனை தாங்காது. சதையிருக்கும் இடத்தில் கூட்டை இறுக்கவேண்டும், எலும்பு முனைக்கு நேரே குடைந்துவிடவேண்டும். எது எங்கே என்று கேமரா சொல்லாது. கால் வைத்திருக்கிறவன்தான் சொல்லவேண்டும். கால் வைத்திருந்தவரோ, எங்கேயும் வலிக்கவில்லை என்று சாதிக்கிறார்.

மறுநாள் காலையிலேயே படக்காரர் ஒரு மரக்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தொடக் கூடாது என்றுதானே நிபந்தனை? கரண்டிக் காம்பால் தொட்டால் அது தொட்டதில் சேராது.

"எதுக்குக் கரண்டி?" என்றார் ஏலக்காரர்.

"உங்களைக் கிண்டத்தான்."

காம்பின் உருண்டை முனையைப் பின்பக்கத்து ஆடுசதையில் வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்கறதா? நீயும் உன் டப்பாக் கேமராவும். அதை வச்சு எருமையைப் படம் எடுத்தா எருமையே வெட்கப்படும்."

வெளிப்பக்கமாகக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். அங்கே சின்ன எலும்பின் குமிழ் ஒன்று முட்டிக்கொண்டிருக்கும்.

"இங்க?"

"உன் மூஞ்சிய முதல்ல பொம்மை பண்ணி வயல்ல நடு, காக்காயாவது வராது. உங்கப்பா கடையில எடைக்கல்லுக்குப் பதிலா உன்னை வச்சித்தான் நிறுத்தாராம், எப்பவும் எடை குறைவாவே வந்துச்சாம்."

படக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, காது விடைத்தது. பின்பக்கம் அழுத்தியபோது ஏலக்காரர் கேமராவை வைதார். குமிழில் அழுத்தியபோது முகத்தைத் தாண்டி அப்பாவரைக்கும் போய்விட்டார். படக்காரர் மறுபடி ஆடுசதைக்கு வந்தார். மறுபடி கேமரா. மறுபடி குமிழ். அப்பா மட்டுமல்ல, இந்தத் தடவை தாத்தாவும் சேர்ந்துகொண்டார். முட்டிச்சில்லுக்குக் கீழே அழுத்தியபோது, "நீ எந்திரிச்சுப் போ" என்று ஒற்றை வரிதான் வந்தது. அங்கே நன்றாகப் பாரம் தாங்கும் என்று வைத்துக்கொண்டார்.

இந்த ஆள் வலியைச் சொல்லமாட்டார். ஆனால் வலிக்கு ஏற்றபடி வசவு ஏறுகிறது.

கடைசியாகக் காம்பை முன்பக்கம் கொண்டுபோய், முன்னெலும்பு வெட்டுப்பட்ட முனையில் வைத்தார். மெதுவாகத்தான் அழுத்தினார்.

ஏலக்காரர் வாயைத் திறந்தார். பட்டுத்துணி விரிக்கிற குரலில் சொன்னார்:

"மாப்பிள்ளை, வந்ததுலேர்ந்து குனிஞ்சுக்கிட்டே இருக்கீங்களே. உட்காருங்க. தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?"

சமையலறை வாசலில் ஏலக்காரர் மனைவியின் தலை தெரிந்தது. தங்கை கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். படக்காரர் காம்பை எடுத்துவிட்டு, தான் நினைத்தது சரிதானா என்று பார்ப்பதற்காக அதே இடத்தில் மறுபடி வைத்தார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே மாப்பிள்ளை? கடையெல்லாம் நல்லாப் போகுதா?"

தங்கையின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அத்தனை வருஷப் பகைக்குப் பிறகு அண்ணன் வாயில் மாப்பிள்ளை என்ற சொல். அவள் சந்தோஷத்தைக் கெடுக்கப் படக்காரருக்கு மனம் வரவில்லை. எப்படி விளக்குவது என்றும் தெரியவில்லை. பேரத்தில் எதிராளி கத்திக்கொண்டிருக்கிறவரைக்கும் பயமில்லை, திடீரென்று உபசாரம் செய்ய ஆரம்பித்தால்தான் சரியான இடத்தில் கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம் என்பது ஏலக்காரர் வாயிலிருந்தே அவர் ஒரு காலத்தில் கேட்டிருந்த பாடம்.

கடைக்குப் போய்த் திரையில் இருந்த காலுக்கு வர்ணம் பூசினார். கேமராவை வைத இடங்களுக்கு மஞ்சள், அப்பனையும் பாட்டனையும் இழுத்த இடங்களுக்குச் சிவப்பு, மரியாதை கொடுத்த இடத்துக்குக் கறுப்பு. மஞ்சளை இறுக்கினார், சிவப்பைத் தளர்த்தினார், கறுப்பைக் குடைந்தார். புது உருவம், புதுக் கூடு. ஏலக்காரர் மாட்டினார், நின்றார், சுவரைப் பிடிக்காமல் நடந்தார். நடந்துகொண்டே, "இதை முதல்லயே செஞ்சா என்ன கேடு?" என்றார், யாரையும் பார்க்காமல்.

புதுச் சரக்கு இறங்கிய நாள் மண்டியில் எள் போட்டால் எண்ணெய்தான் எடுக்க வேண்டும். குவியல் குவியலாக வெங்காயம், சுற்றிலும் வியாபாரிகள், தூசி. ஏலக்காரர் மேடையில் ஏறினார். பித்தளை மேடைக்கு அடியில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று புதுச் செருப்போடு வந்திருந்தான். படக்காரரைத் தங்கை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் ஓரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

ஏலக்காரர் பழைய ஏலக்காரராகவே இருந்தார். விலை கேட்கத் தயங்கியவனை, "வெங்காயம் உரிக்காமலே அழுறான் பாரு" என்றார். விரலை மறைத்துக் காட்டியவனிடம், "சட்டைக்குள்ள விட்டு என்னத்தத் தேடற, தொலைஞ்ச தைரியத்தையா?" என்றார். கூட்டம் சிரிக்கச் சிரிக்கக் குவியல்கள் கை மாறின. வெயில் ஏறியது. நின்றுகொண்டே இருந்தார்.

கடைசிக் குவியல்தான் பெரியது. அதற்கு இரண்டு மொத்த வியாபாரிகள் மல்லுக்கட்டினார்கள். இவர் ஒரு விரல், அவர் ஒரு விரல். விட்டுக்கொடுக்கிற வழியாக இல்லை. ஏலம் இழுத்துக்கொண்டே போயிற்று. ஏலக்காரரின் உதட்டுக்கு மேலே வேர்வை கோத்தது. அவர் குரல் மெல்ல இறங்கியது. பித்தளை ஓரடி முன்னால் வந்தான். மேடைக்குக் கைப்பிடி கிடையாது. குனிந்து எதையாவது பற்றினால்கூட உட்கார்ந்த கணக்குத்தான். அப்போது ஏலக்காரரின் கண் கூட்டத்தில் துழாவித் தூணுக்கு வந்து நின்றது.

"அட, நம்ம மாப்பிள்ளை வந்திருக்கார்" என்றார், தேன் ஒழுக. "கொஞ்சம் வழி விடுங்கப்பா. வாங்க மாப்பிள்ளை, ஏன் வெயில்ல நிக்கறீங்க? முன்னால வாங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டீங்களா? ஊரறியக் கூப்பிடறார்" என்றாள்.

படக்காரர் அந்தக் காலைப் பார்த்தார். கறுப்பு இடம். நின்று நின்று உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, பாரம் முழுக்க எலும்பு முனையில் இறங்குகிறது. இன்னும் ஒரு உபசாரம் வந்தால் ஆள் விழுந்துவிடுவார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய், கழுத்தில் தொங்கிய கேமராவைத் தூக்கினார்.

"மச்சான், ஒரு படம். இப்படி முன்னால சாய்ஞ்சு நின்னா தொப்பைதான் விழுது. பின்னால சாயுங்க. இன்னும். குதிகால்ல நில்லுங்க."

ஏலக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். பல்லைக் கடித்தபடி உடம்பைப் பின்னால் தள்ளினார். செயற்கைப் பாதத்தின் குதிகால் பலகையில் அழுந்தியது. ஒரு மூச்சு விட்டார். பிறகு மண்டியின் தகரக் கூரை அதிர்ந்தது:

"அந்த டப்பாவை என் மூஞ்சிக்கு நேரா நீட்டாதே. உன் கேமராவைப் பார்த்தா வெங்காயமே முளைவிட்டுடும்."

மஞ்சள். படக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். கூட்டம் ஓவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் மொத்த வியாபாரிகளில் ஒருவர் விரலை மடக்கிவிட்டார். ஏலம் முடிந்தது. பித்தளை தன் புதுச் செருப்பின் தூசியைத் தட்டிக்கொண்டே வெளியே போனான்.

"மனுஷன் எவ்வளவு மரியாதையா ஆரம்பிச்சார்" என்று தங்கை பிடித்துக்கொண்டாள். "நடுவுல போய்க் கேமராவைத் தூக்கிக் கெடுத்துட்டீங்களே. உங்களுக்கு நல்ல வார்த்தையே ஒத்துக்காதா?"

"அவரோட நல்ல வார்த்தை எனக்கு வேண்டாம்மா. யாருக்கும் வேண்டாம்."

ஏலக்காரர் மேடையிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். படக்காரர் நிற்கிற இடத்தில் காற்று நிற்பதைப்போல் பாவித்து, தங்கையிடம் மட்டும் பேசினார்.

"உன் புருஷனை நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லு. அந்தக் கரண்டியையும் எடுத்துக்கிட்டு வரட்டும்."

"வலிக்குதா அண்ணே?"

"எனக்கென்ன வலி? சும்மா வரட்டும்."